மசூரிச் சாரலில் ஒரு மாயமலர்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருக்குக் கோடை விடுமுறை வந்துவிட்டால் மனம் இரண்டு திசைகளில் இழுபடும். தெற்கே ஊர் அழைக்கும். வடக்கே மலை அழைக்கும். ஊருக்குச் செல்ல இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியில் கழித்து, சென்னையில் இறங்கி, மீண்டும் வண்டி மாறவேண்டும். மலையோ ஓர் இரவுப் பயணத் தொலைவில் நிற்கிறது. ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்குப் பாஸ் உண்டு. எத்திசையாயினும் கட்டணக் கவலை இல்லை. எனினும் சென்ற இரண்டு ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் செல்லாமலே இருந்துவிட்டோம். அதன் காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் நேயர்கள் அறிவார்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினோம். சொன்னால் சங்கத்து அன்பர்களில் ஓரிருவருக்கேனும் பயன்படும் என்று தோன்றியமையால் எழுதத் துணிந்தோம்.

சென்ற மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நாம், நம் இல்லாள், ஆறாம் வகுப்பு முடித்த மகள் வள்ளி, நம்முடன் வாழும் தாயார் ஆகிய நால்வரும் டேராடூன் செல்லும் இரவு வண்டியில் ஏறினோம். தாயாருக்கு வயது அறுபத்தெட்டு. புதுக்கோட்டைப் பக்கத்தில் கடலையும் அவரையும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தந்தையார் மறைந்தபின் நம்மோடு தில்லிக்கு வந்தவர். இந்தி அறியார். மலையைக் காணவேண்டுமென்ற ஆவலும் அவருக்கு இல்லை. "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தை, உங்களைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது?" என்று இல்லாள் பிடிவாதம் பிடித்த பிறகே இணங்கினார்.

பொழுது புலரும் வேளையில் ஹரித்வாரம் வந்தது. அங்கிருந்து டேராடூன் வரை சுமார் 50 கிலோமீட்டர். இந்தப் பாதை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மோதிச்சூர், ராய்வாலா, கான்ஸ்ராவ், டோய்வாலா என்று சிறு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. இருமருங்கும் சால மரக் காடு. ராஜாஜியின் பெயர் தாங்கிய வனவிலங்குக் காப்பகம் இதுவேயாகும். நம் நாட்டுப் பெரியவர் ஒருவரின் பெயர் சிவாலிக் மலையடிவாரத்துக் காட்டுக்கு அமைந்திருப்பதை வள்ளிக்கு எடுத்துரைத்தோம். யானைகள் கங்கைக்குச் சென்று திரும்பும் வழியில் இருப்புப்பாதை குறுக்கிடுவதால் இங்கே வண்டிகள் வேகங் குறைத்துச் செல்லவேண்டும். யானைகள் வண்டியில் அடிபட்டு மாண்டதும் உண்டு. ரயில்வே ஊழியராகிய நமக்கு அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அன்று யானை எதையும் காணோம். மயில்கள் மட்டும் தண்டவாளத்தை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தன.

டேராடூனில் ஒருநாள் தங்கி வன ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டோம். 1906-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. 1929-இல் திறக்கப்பட்ட செங்கற் கட்டிடத்தின் நீளத்தை நடந்தே அளக்க முயன்ற வள்ளி, பாதியில் களைத்து அமர்ந்துவிட்டாள். மறுநாட் காலை மசூரிக்குப் பேருந்தேறினோம். சுமார் 35 கிலோமீட்டர், வளைவுகளுக்குக் கணக்கில்லை. இல்லாள் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தார்.

ஏறும் வழியில் மலையின் மேனியில் ஆங்காங்கே வெண்ணிறத் தழும்புகள் தென்பட்டன. பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் அவை பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் என்றார். வெடிவைத்து மலையை உடைத்தமையால் மரங்கள் அழிந்தன, மண் சரிந்தது, ஊற்றுகளும் வற்றின. டேராடூனில் இயங்கிய மக்கள் அமைப்பொன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. 1985-இல் பல சுரங்கங்களை மூடுமாறு ஆணை பிறந்தது. 1988-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. முன்னாள் படைவீரர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு இம்மலைகளில் மரம் நட்டு வளர்த்தது. இன்று தழும்புகளின் மேல் பசுமை படர்ந்திருக்கிறது. ஒரு கடிதம் இவ்வளவு செய்யுமா என்று வியந்தோம். நாள்தோறும் கடிதம் எழுதிப் பிழைக்கும் நமக்கு அது சிறிது பெருமையாகவும் இருந்தது.

மசூரி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கடைத்தெருவின் கூட்டத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் சொல்ல விரும்புவது வேறு. ஊருக்கு மேற்கே ஹாதிப்பாவ் என்னுமிடத்தில் ஜார்ஜ் எவரெஸ்ட் வாழ்ந்த வீடு இருக்கிறது. உலகின் மிகவுயர்ந்த சிகரத்துக்குத் தம் பெயரை ஈந்த நில அளவையாளர் அவர். அவர் நடத்திய பேரளவை எங்கே தொடங்கிற்றென்று நினைக்கிறீர்கள்? நம் சென்னைப் பரங்கிமலையின் அருகில், 1802-ஆம் ஆண்டில், லாம்டன் என்பார் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டிலேதான். பரங்கிமலையில் தொடங்கிய அளவு படிப்படியாய் வடக்கே நகர்ந்து இமயத்தின் அடிவரை வந்து சேர்ந்தது. தெற்கிலிருந்து பிழைக்க வந்து இங்கே நிற்கும் நமக்கு அந்தக் கோடு ஏதோ உறவினரைப்போல் தோன்றிற்று.

மூன்றாம் நாள் காலை, ஊருக்குக் கீழே ஒரு சாலையோரமாக நடந்தோம். சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் கசிந்து, பாசி படிந்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அப்பாறையின் ஈரத்தில் முழங்காலளவு உயர்ந்த செடிகள் கூட்டமாய் நின்றன. மடிப்பு மடிப்பான நீண்ட இலைகள். தண்டின் மேற்பகுதியில் வரிசையாய்ப் பூக்கள். பச்சையும் பழுப்புங் கலந்த நிறம். அழகியது என்று சொல்லிவிட முடியாது. தாயார், "இதுவும் ஒரு பூவா?" என்றார். நாமும் கடந்து போயிருப்போம். ஆனால் செடியின் எதிரே ஓர் இளம்பெண் சிறு நாற்காலியில் அசையாமல் அமர்ந்து, மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். தாவரவியல் பயிலும் மாணவி. வள்ளி அருகில் சென்று நின்றதும் புன்னகை செய்து, கையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை அவளிடம் நீட்டினாள்.

"பூவுக்குள்ளே பூச்சி இருக்கிறது, அப்பா!" என்று வள்ளி கூவினாள்.

நாமும் பார்த்தோம். பூவின் கீழிதழின் அடியில் கருநிறமான சிறு புடைப்புகள் தெரிந்தன. தாயாரும் கண்ணாடியை வாங்கி, பூவருகே குனிந்து, "அசுவினி!" என்றார். அவரைக் கொடியிலும் கடலைச் செடியிலும் மொய்த்துச் சாறுறிஞ்சும் அசுவினியை அவர் அறியாதவரா? நாம் அதை மாணவிக்கு இந்தியில் சொன்னோம். அவள் கைகொட்டி நகைத்து, "பாட்டியம்மாவும் ஏமாந்துவிட்டார். அது அசுவினி அன்று; பூவின் உறுப்பே" என்றாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல நாம் தமிழாக்கித் தாயாருக்கு உரைத்தோம். வீடு திரும்பியபின் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இச்செடி ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. எபிபாக்டிஸ் வெரட்ரிஃபோலியா என்பது நூலோர் இட்ட பெயர். துருக்கி, இஸ்ரேல் முதலிய நாடுகளிலிருந்து இமயமலை வழியாகச் சீனம் வரை ஈரமான பாறைகளிலும் ஓடைக்கரைகளிலும் வளர்கிறது. இந்தியாவில் மட்டும் 1,250-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உள்ளன. பிற பூக்களில் மகரந்தம் பொடியாய் உதிரும். ஆர்க்கிட்டுகளிலோ பெரும்பாலும் அது கட்டியாய்த் திரண்டிருக்கும். வரும் பூச்சியின் உடலில் அக்கட்டி ஒட்டிக்கொண்டு மற்றொரு பூவுக்குச் சென்றால் காரியம் முடிந்தது. ஒரே வருகையில் தூசியினும் நுண்ணிய விதைகள் ஆயிரக்கணக்கில் விளைந்துவிடும். ஆகவே அந்த ஒரு வருகைக்காக ஆர்க்கிட்டுகள் செய்யும் சூழ்ச்சிகளுக்கு எல்லையில்லை. பூச்சிக்கு யாதொரு கூலியும் தராமல் ஏமாற்றிக் காரியம் சாதித்துக்கொள்பவை ஆர்க்கிட் இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுள்ளார்கள்.

இந்தப் பாறைப்பூ யாரை எதிர்பார்க்கிறது? மலர் ஈ ஒன்றை. நாம் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. மஞ்சளும் கருமையுமான பட்டைகள் கொண்ட வயிறு. காற்றில் ஓரிடத்திலேயே நின்று சிறகடித்தது. குளவியென்று அஞ்சி இல்லாள் ஒதுங்கினார். "அஞ்சவேண்டாம், குளவிக்கு நான்கு சிறகுகள், இதற்கு இரண்டே. கொட்டத் தெரியாத ஈ, குளவியின் சட்டையை அணிந்து பறவைகளை ஏமாற்றுகிறது" என்றாள் மாணவி. ஏமாற்றத் தெரிந்ததும் ஏமாறுகிறது என்பது வேடிக்கைதான்.

இவ்வகை ஈக்களில் பலவற்றின் குஞ்சுகளுக்கு உணவு அசுவினிதான். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். ஆதலின் தாய் ஈ, முட்டையிடுவதற்குமுன் அசுவினி மொய்த்த செடியைத் தேடி அலைகிறது. குஞ்சு பொரித்தால் அதன் வாயருகே உணவு இருக்கவேண்டுமல்லவா? இந்த நல்ல குணத்தைத்தான் பூ பயன்படுத்திக்கொள்கிறது. கரிய புடைப்புகளால் கண்ணை ஏய்ப்பது ஒரு பக்கம். அதனினும் நுட்பமானது மணம். அசுவினியை எதிரி தாக்கும்போது அது தன் கூட்டத்தாரை எச்சரிக்க ஒருவித வாசனையை வெளியிடும். அந்த வாசனையைப் பின்பற்றியே ஈ அசுவினியைக் கண்டுபிடிக்கிறது. 2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் இப்பூவின் மணத்தைப் பகுத்துப் பார்த்தபோது, பைனீன் முதலான சில பொருள்கள் அதில் இருக்கக் கண்டார்கள். அவரை இனத்துச் செடிகளில் வாழும் ஒருவகை அசுவினி எழுப்பும் அபாயக் குரலிலும் அதே பொருள்கள் இருக்கின்றன. அசுவினியின் ஓலத்தைப் பூ தன் வாசனையால் பேசுகிறது என்று சொல்லலாம்.

ஈ வந்தமர்ந்து உள்ளே நுழைகிறது. முட்டையிடுகிறது, சிறிது தேனும் பருகுகிறது. திரும்பி வெளியேறும்போது மகரந்தக் கட்டி அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் மீண்டும் அதே ஏமாற்றம். பூவின் வேலை முடிந்தது.

இப்பூவுக்கு அண்ணன்மார் உலகெங்கும் இருக்கிறார்கள். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஆஃப்ரிஸ் என்னும் ஆர்க்கிட், பெண்தேனீயின் வடிவத்தையே கீழிதழாக அணிந்து, பெண்தேனீயின் மணத்தையும் வீசி ஆண் தேனீயை மயக்குகிறது. ஆர்க்கிட்டுகளைப் பற்றி 1862-இல் பெருநூல் எழுதிய டார்வினுக்கே, தேன் தராமல் பூச்சிகளை ஏய்க்கும் இத்துணைப் பெரிய மோசடி இயற்கையில் நிலைத்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. ஆஃப்ரிஸ் மலரின் இரகசியத்தை வெளியிட்டவர் அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த புயான் என்னும் பிரெஞ்சுக்காரர். பல்லாண்டுகள் பொறுமையாய்க் கவனித்து 1916-இல் எழுதினார். 1927-இல் ஆஸ்திரேலியாவில் ஆண் குளவிகள் ஓர் ஆர்க்கிட்டைப் பெண்குளவியென்று மயங்கி நாடுவதைக் கண்டெழுதியவர் ஈடித் கோல்மன் என்னும் அம்மையார். பள்ளியாசிரியையாக இருந்தவர் அவர். முதலில் அக்காட்சியைக் கவனித்தவள் அவருடைய மகளே. பேராசிரியர்கள் காணாததை ஒரு நீதிபதியும் ஒரு தாயும் மகளும் கண்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

மாணவி கீழே உதிர்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அரிசி நொய்யினும் சிறிய வெண்முட்டையொன்று அதில் ஒட்டியிருந்தது.

தாயார் கேட்டார்: "குஞ்சு பொரித்தால் எதைத் தின்னும்?"

நாம் கேட்டுச் சொன்னோம்: "தின்ன ஒன்றுமிராதாம். பட்டினியால் மாளுமாம். சில இடங்களில் மட்டும் இச்செடியிலேயே மெய்யான அசுவினியும் வந்து பற்றுமாம். அப்படி வந்தால் பிழைக்கும்."

சீனத்தில் ஆராய்ந்தோர் 2014-இல் இதைப்பற்றி ஒரு கருத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆதியில் இச்செடியின் மணம், தன்மேல் பற்றிய அசுவினியை அழிக்க ஈயை அழைத்த மெய்யான அழைப்பாக இருந்திருக்கலாம். அதுவே காலப்போக்கில் பொய்யழைப்பாக மாறி மகரந்தத்துக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. மெய்யிலிருந்துதான் பொய் பிறக்கிறது போலும்.

தாயார் அந்த உதிர்ந்த பூவை வாங்கிக்கொண்டார். சாலையின் இருபுறமும் கண்ணோட்டி, சற்றுத் தொலைவில் படர்ந்திருந்த காட்டு ரோஜாப் புதரிடம் சென்றார். உழவர் வீட்டுக் கண் பிழைக்காது. இளந்தளிரொன்றில் பச்சை அசுவினி அடையடையாய் அப்பியிருந்தது. அந்தத் தளிரின் கவட்டில் பூவைச் செருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். மாணவி முதலில் சிரித்தாள். பிறகு தலையசைத்து, "அது பிழைத்துக்கொள்ளும்" என்றாள்.

அவளிடம் விடைபெற்றுக்கொண்டு, சாலையின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து இட்லியை அவிழ்த்தோம்.

"அப்பத்தா, அந்த ஈக்கு மூளை இல்லையா?" என்று வள்ளி கேட்டாள்.

"மூளைக்கு என்ன குறைச்சல் ஆத்தா? பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தால் கண் மறைத்துவிடும். நான் வளையலைக் கழற்றிக் கொடுக்கவில்லையா?" என்றார் தாயார்.

இல்லாள் நம்மைப் பார்த்தார். நேயர்களுக்கு நாம் சொல்வதாகக் கூறிய செய்தி இதுவே.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். நம் மாவட்டத்துப் பேச்சு. ஊர்க்கோயில் திருநீறு கொண்டுவந்து தாயாரிடம் கொடுத்தார். நம் உறவினர் பெயர்களைச் சரளமாகச் சொன்னார். ஊரருகே வீட்டுமனைகள் விற்பனைக்கு இருப்பதாக வரைபடம் காட்டினார். கடைசிக் காலத்தில் ஊரில் ஒரு வீடு என்பது தாயாரின் நெடுநாள் ஆசை. அவர் தம் இரு வளையல்களையும் கழற்றித் தந்தார். நாமும் சேமிப்பிலிருந்து 2,40,000 ரூபாய் தந்தோம். பத்திர நகல் என்று ஒன்று வந்தது; முத்திரை இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஓராண்டு கழித்து விசாரித்தபோது அந்த நிலம் கண்மாய்ப் புறம்போக்கு என்று தெரிந்தது. வந்தவரைக் காணோம். காவல் நிலையத்தில் கொடுத்த மனு மனுவாகவே இருக்கிறது.

அன்றிலிருந்து தாயார், "என் ஆசையால் உன்னைக் கெடுத்தேன்" என்று சொல்லத் தொடங்கினார். ஊர்ப் பேச்சை எடுப்பதில்லை. யாருடைய முகத்தில் விழிப்பது என்று நாணி, திருமணம், திருவிழா எதற்கும் ஊருக்கு வர மறுத்தார். அவர் வராமையால் நாமும் செல்லவில்லை.

ஆனால் அவர் அறியாத ஒன்றுண்டு. பணம் கொடுக்குமுன் நம் மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, வில்லங்கம் போட்டுப் பாருங்கள்; அதன்பிறகு கொடுங்கள்" என்று சொல்லியிருந்தார். நாம் பார்க்கவில்லை. நாள் முழுதும் முத்திரைகளையும் கையெழுத்துகளையும் பார்த்துப் பழகிய நமக்குத் தாளைக் கண்டதும் நம்பிக்கை வந்துவிட்டது. தாயாரைத் திருநீறு ஏமாற்றியது. நம்மை முத்திரை ஏமாற்றியது. யாருக்கு எது கண்ணை மறைக்குமோ அதையே அவன் அணிந்து வந்தான். அதன்பிறகு, தாயார் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டபோது நாம் மறுக்கவில்லை. ஈராண்டுகள் வாய்மூடி இருந்தோம். ஏமாந்தது ஒரு பிழை. அதனினும் பெரிய பிழை இது.

அந்தச் சுவரில் அமர்ந்து, மைத்துனர் சொன்னதையும் நாம் செய்யாமல் விட்டதையும் தாயாரிடம் சொன்னோம். இல்லாளுக்கும் அது புதுச்செய்தியே.

தாயார் இட்லியைக் கீழே வைத்தார். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலைவரை நம்மோடு பேசவில்லை. மறுநாளும் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாரேயன்றி நம் பக்கம் திரும்பவில்லை. கோபம் நியாயமானது, பொறுத்துக்கொண்டோம்.

திரும்பும் வண்டி ஹரித்வாரத்தில் நின்றபோது இரவாகிவிட்டது. நடைமேடையில் தேநீர் வாங்கி வந்து நீட்டினோம். வாங்கிக்கொண்டார். பாதி குடித்தபின், "அடுத்த பாஸை ஊருக்கு எழுது" என்றார். "வீடு வேண்டாம். கண்மாய்க் கரையில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். எனக்கென்ன வெட்கம்? நான் யாரையும் ஏமாற்றவில்லையே."

நேயர்களே! அந்த மாணவி நம்மிடம் இன்னொன்றும் சொன்னாள். உலகில் மெய்யான அசுவினிகள் மிகுதியாக இருப்பதால்தான் பூவின் பொய் செல்லுபடியாகிறது. பொய்ப் பூக்கள் மலிந்து அசுவினி அருகிவிட்டால், நம்பி வந்த ஈக்களின் குலமும் குன்றும். அவற்றை நம்பிய பூவும் குன்றும். நல்ல நாணயம் புழங்கும் சந்தையில்தான் கள்ள நாணயம் செல்லும். ஆதலின் ஒருவன் ஏய்த்தான் என்பதற்காக ஊர்ப்பேச்சைக் கேட்டாலே ஐயுறவேண்டும் என்பதில்லை. ஆனால் நம்பிக்கையோடு சோதனையும் வேண்டும். ஈக்கு வில்லங்கச் சான்று பார்க்கும் வழியில்லை, நமக்கு உண்டு. இப்பொழுது தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே வில்லங்கச் சான்று பார்க்கலாம். பட்டாவையும், நிலம் புறம்போக்கா என்பதையும் அரசின் இணையச் சேவையில் சரிபார்க்கலாம். தில்லியில் இருந்தபடியே அரைமணி நேரத்தில் முடியும் வேலை. அந்த அரைமணி நேரத்தை நாம் செலவிடவில்லை. அன்பர்கள் செலவிடுவார்களாக. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால், வீட்டிலுள்ள முதியோர்மேல் அப்பழியைச் சுமத்தி வையாதிருப்பார்களாக.

மசூரிக்குச் செல்வோர் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் கசியும் பாறைகளைச் சற்று நின்று பாருங்கள். பூவைப் பறிக்கவேண்டாம், செடியைப் பெயர்க்கவும் வேண்டாம். சுரங்கங்களிலிருந்து தப்பிய நீர்க்கசிவில் அது பிழைத்திருக்கிறது. பொய் சொல்லும் பூவாயினும் அதற்கும் வாழும் இடம் வேண்டும்.

அந்தக் காட்டு ரோஜாத் தளிரில் செருகிய முட்டை பொரித்ததா என்று தாயார் இன்றும் சில நாட்களில் கேட்கிறார். பொரித்திருக்கும் என்றே சொல்லி வருகிறோம். புதுக்கோட்டைக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பொங்கலுக்கு ஊரில் இருப்போம்.